நாலாவது வருடக் காபித் தோட்டத்தை விட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர் சேலத்தில் வேலையில் இருக்கிறார். ஏற்காட்டு மலையில் 3 ஏக்கர் வாங்கி அராபிகா நட்டிருக்கிறார். "நாங்களே பறித்து, கழுவி, காயவைத்து, வறுத்து, எங்கள் பெயரிலேயே விற்க வேண்டும்" என்பது ஆரம்பத்தில் எடுத்த முடிவு. இப்போது நாலாவது வருடம். தண்டைக் குடைகிற தண்டுத் துளைப்பான் வண்டால் செடிகள் போகின்றன, பறிப்புக்கு ஆள் கிடைப்பதில்லை, கையில் இருந்த பணமும் கரைந்துவிட்டது. செடியைப் பிடுங்கிவிட்டு நாலு காட்டேஜ் கட்டச் சொல்கிறார்கள் உறவுக்காரர்கள். "இதற்கு மேலும் நிற்பது விடாமுயற்சியா, வெறும் பிடிவாதமா? எப்படித் தெரிந்துகொள்வது?" என்கிறார்.

முப்பது வருடத்துக்கு மேல் இதே மலையில் காபி வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பது மார்ச் மாதத்தில். உங்கள் நிலைமையில் என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் வருடத்திலேயே மோசமாகத் தெரிகிற மாதம் மார்ச். நவம்பரில் தொடங்கிய பறிப்பு ஜனவரியோடு முடிந்திருக்கும். கூலி கொடுத்துக் கொடுத்துக் கை காலியாகியிருக்கும். பழம் போன கிளைகள் இளைத்து நிற்கும். மழை பெய்து இரண்டு, மூன்று மாதம் ஆகியிருக்கும். காலையிலேயே இலைகள் காது மடங்கின மாதிரி தொங்கும். சேலத்திலிருந்து வாரக் கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து இதைப் பார்க்கிற யாருக்கும் மனசு விட்டுத்தான் போகும். எனக்கும் போயிருக்கிறது.

ஆனால் அடுத்த முறை போகும்போது ஒரு கிளையைக் கையில் பிடித்து, இலைக்காம்பு தண்டோடு சேருகிற கணுவைப் பாருங்கள். நெல்மணி அளவில் பச்சை மொட்டுகள் கொத்தாக இருக்கும். அவை செத்துப்போகவில்லை, தூங்குகின்றன. அந்தத் தூக்கத்துக்கு வறட்சி வேண்டும். இடையிடையே தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் மொட்டுகள் ஒன்றாகப் பக்குவப்படாது. அங்கொன்று இங்கொன்று என்று பூக்கும், பழமும் அதேபோல ஆறேழு தவணையாகப் பழுத்துப் பறிப்புக் கூலியைத் தின்றுவிடும். நன்றாகக் காய்ந்து நிற்கிற செடிமேல் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஒரு பூ மழை, 25 முதல் 40 மில்லிமீட்டர், விழுந்தால் போதும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ விடியற்காலையில் கதவைத் திறந்தால் மல்லிகை மாதிரி வாசனை முகத்தில் அடிக்கும். சரிவு முழுக்க வெள்ளை. மூன்று, நாலு நாள்தான் அந்தப் பூ. அப்புறம் எட்டு, ஒன்பது மாதம் கழித்துப் பழம்.

செடி வாடி நிற்பதும் மொட்டு பக்குவப்படுவதும் ஒரே சமயத்தில் நடக்கிற காரியம். அதனால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதத்திலும் தோட்டத்தை வைத்துக்கொள்வதா, விடுவதா என்கிற முடிவை நான் எடுப்பதில்லை. இந்த வழக்கம் 2002-இல் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கதையைச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு என் பதில் புரியும்.

அப்போதைய நிலவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு காலத்தில் அரசின் காபிப் போர்டுதான் எல்லோருடைய காபியையும் வாங்கி விற்றது. 1942-இல் வந்த சட்டம் அது. தொண்ணூறுகளில் அதைப் படிப்படியாகத் தளர்த்தி, 1996-இல் அவரவர் காபியை அவரவரே விற்கலாம் என்று ஆனது. முதலில் விலை நன்றாக இருந்தது. நாங்களும் துணிந்து இடம் விரித்தோம், நாற்று நட்டோம். உலகச் சந்தையில் எந்த நாடு எவ்வளவு விற்கலாம் என்று இருந்த ஒதுக்கீட்டு ஒப்பந்தம் 1989-லேயே உடைந்துபோயிருந்தது. அந்த அடி முழுசாக வந்து விழுந்தது 2001, 2002-இல்தான். பார்ச்மெண்ட், அதாவது கழுவிக் காயவைத்த மேலோட்டோடு கூடிய காபி, விற்ற பணம் பறிப்புக் கூலிக்கே காணவில்லை. வாங்கிய கடனுக்கு நோட்டீஸ் வந்தது.

2002 மார்ச்சில், மேற்குச் சரிவில் காபிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் மரங்களில் அறுபதை, அனுமதி வாங்கித்தான், மர வியாபாரியிடம் விற்றேன். "காபியையா விட்டேன்? கடனை அடைக்க மரத்தைத்தானே விற்றேன்" என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன். கடன் அடைந்தது. லாரி போன பிறகு அந்தச் சரிவில் மத்தியான வெயில் நேராக இறங்கியது.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டுக்கு வெயில் படுகிற தண்டுதான் பிடிக்கும். பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்க் கட்டையைக் குடைந்து, குடைந்த தூளைத் தன் பின்னாலேயே இறுக்கி அடைத்துக்கொண்டு முன்னேறும். தூள் வெளியே கொட்டாது. அதனால் வெளியில் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் சில செடிகள் மஞ்சளடித்தன. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன். அதற்கும் அடுத்த வருடம் எங்கள் மேஸ்திரி ஒரு செடியை வேரோடு பிடுங்கி, களத்து மேட்டில் வைத்து அரிவாளால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். தண்டுக்குள் மாவு அடைத்த குழாய் மாதிரி வளைந்து வளைந்து வழி. அதன் நுனியில் தலை அகன்ற வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது. அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், மலைக்காரர். என் அப்பா காலத்திலிருந்து தோட்டத்தில் இருந்தவர். மெதுவாகத்தான் சொன்னார்: "நோவு இப்பத்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது தம்பி. வந்தது மரத்தை வித்த அன்னிக்கே."

மேற்குச் சரிவில் மட்டும் நானூறு செடிக்கு மேல் பிடுங்கி எரித்தோம்.

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை. எடுத்த காரியத்தை ஒரு நாள் உட்கார்ந்து யோசித்து, "சரி, விட்டுவிடுகிறேன்" என்று விடுகிறவர்கள் குறைவு என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். கஷ்டமான ஒரு மாதத்தில், நியாயமாகவே தோன்றுகிற ஒரு சின்னக் காரியத்தைச் செய்கிறோம். இலக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே செய்கிறோம். இரண்டு வருடம் கழித்து மஞ்சளடிக்கும்போதுதான் தெரிகிறது. "நிற்பதா, போவதா" என்று யோசிப்பதைவிட, "இப்போது செய்யப்போகிற இந்தச் சின்னக் காரியம் எதைத் தொடுகிறது? நான் போகிற வழியையா, போக நினைத்த இடத்தையேவா?" என்று யோசித்திருந்தால் அந்த மரங்கள் நின்றிருக்கும். கடனுக்கு வேறு ஏதாவது விற்றிருப்பேன். ஜீப் இருந்தது. அடிவாரத்தில் மாந்தோப்பு இருந்தது.

வழி வேறு, போகிற இடம் வேறு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன், கிரிக்கெட் பந்துவீச்சாளர். டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடி, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடினார். அந்த சீசனிலேயே அவருடைய பந்துவீச்சு முறை சரியில்லை, எறிகிற மாதிரி இருக்கிறது என்று புகார் வந்தது. ஒரு பந்துவீச்சாளனுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கிறது? உடம்பு பல வருடமாகப் பழகிய அசைவு அது. இரண்டு விதமாக அவர் தவறியிருக்கலாம். "என் கை இப்படித்தான் வரும்" என்று அதே முறையில் நின்று தடைபட்டிருக்கலாம். அல்லது பழையபடி டென்னிஸ் பந்துக்கே போயிருக்கலாம், அதில் அவருக்குப் பேர் ஏற்கனவே இருந்தது. அவர் கையை மாற்றினார். அசைவைப் பிரித்து, ஆரம்பத்திலிருந்து கற்றார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் அடுத்து ஹைதராபாத் அணியில் இரண்டு வருடம் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார், அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் போனார். ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார்.

நான் இதைச் சொல்வது "நீங்களும் ஜெயிப்பீர்கள்" என்பதற்காக இல்லை. கையை மாற்றியதை நாம் யாரும் கைவிட்டது என்று சொல்வதில்லை. அவர் போக நினைத்த இடம் பந்துவீச்சு. கை எப்படிச் சுழல்கிறது என்பது வழி. பிடிவாதக்காரனுக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும், வழியைத் தொட்டாலே கோபம் வரும். மனம் தளர்ந்தவனுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், வழி அடைபட்டால் இடமே இல்லை என்று நினைப்பான்.

இந்த மலையின் காபிக்கே அப்படி ஒரு கதை உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இருநூறு வருடம் ஆகப்போகிறது. அதற்குள் இலைத்துரு நோய் வந்தது. இலங்கையில் 1869-இல் தோன்றி, இருபது வருடத்துக்குள் அந்தத் தீவின் காபியையே துடைத்துவிட்டுத் தேயிலைக்கு மாற்றிய நோய் அது. நம் பக்கத்தில் ரகத்தை மாற்றினார்கள். 1925-இல் தொடங்கிய, கர்நாடகத்துப் பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எஸ்.795 என்கிற ரகம் வந்தது, எங்கள் தாத்தா காலத்துச் செடி அது. 2007-இல் சந்திரகிரி என்கிற ரகம் வந்தது. நட்ட செடியின் ஜாதி மூன்று, நாலு முறை மாறியிருக்கிறது. தோட்டம் இன்னும் காபித் தோட்டம்தான்.

சரி, உங்கள் 3 ஏக்கருக்கு வருவோம்.

உங்கள் வாக்கியத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். "நாங்களே பறித்து, கழுவி, காயவைத்து, வறுத்து, எங்கள் பெயரிலேயே விற்க வேண்டும்." இதில் எவ்வளவு ஏக்கர், என்ன ரகம், எந்த வருடத்துக்குள் என்று ஒன்றும் இல்லை. அதனால் துளைப்பான் வந்த செடியைப் பிடுங்குவது உங்கள் இலக்கை விடுவது ஆகாது. அந்த இடத்தில் வேறு ரகம் வைப்பதும் ஆகாது. 3 ஏக்கரில் ஒரு ஏக்கரைத் தற்காலிகமாகக் கவனிக்க முடியவில்லை என்று களை மட்டும் எடுத்து விடுவதும் ஆகாது. ஆள் இல்லாத இந்த வருடம் பழத்தை அப்படியே செர்ரியாக வியாபாரியிடம் போடுவதும் ஆகாது, முழுவதையும் போடாத வரைக்கும்.

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு விஷயம் இருக்கிறது. கேட்டதில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த நாலு வருடத்தில் உங்கள் தோட்டத்துக் காபியை நீங்கள் ஒரு தம்ளராவது குடித்தீர்களா? மூன்றாம் வருடமே கொஞ்சம் காய்த்திருக்கும். அதையும் வியாபாரிக்கே போட்டிருந்தால், மனம் சோர்ந்துபோனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாலு வருடமாக நீங்கள் குழி வெட்டினீர்கள், களை எடுத்தீர்கள், கூலி கொடுத்தீர்கள். எதற்காகத் தொடங்கினீர்களோ அந்த வேலையை ஒரு நாள்கூடச் செய்யவில்லை. தூரத்தில் வைத்தே பார்க்கிற இலக்கு நாளாக ஆக மங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது, சின்ன அளவிலாவது, அதைக் கையால் தொட வேண்டும்.

வரும் பறிப்பில் முப்பது கிலோ பழம் மட்டும் தனியாக வையுங்கள். நன்கு சிவந்தது மட்டும், கலப்பு வேண்டாம். பழத்தின் தோலை எடுக்க, கையால் சுற்றுகிற பல்ப்பர் இயந்திரம் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் கிடைக்கும். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே தோல் எடுத்துவிடுங்கள். வழவழப்போடு ஒரு வாளியில் போட்டு வையுங்கள், நம் மலைக் குளிரில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். கையை விட்டுக் கசக்கினால் வழுக்காமல் கூழாங்கல் மாதிரி சரசரவென்று சத்தம் வர வேண்டும். அதுதான் கழுவுகிற பதம். நாலு தண்ணீர் மாற்றி அலசி, தரையில் போடாமல் வலைக் கட்டிலில் மெல்லிசாகப் பரப்புங்கள். முதல் இரண்டு நாள் மணிக்கொரு தரம் கிளறிவிடுங்கள், ராத்திரிப் பனியில் மூடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் காய்ந்துவிடும். மேல்தோலை நகத்தால் உரித்து உள்ளே பருப்பைக் கடித்துப் பார்த்தால் பல் இறங்கக் கூடாது. முப்பது கிலோ பழத்துக்கு ஐந்து, ஆறு கிலோ சுத்தக் காபி நிற்கும். வறுத்தால் இன்னும் குறையும். இரும்புச் சட்டியில் வீட்டிலேயே வறுங்கள், முதல் முறை கருகினாலும் பரவாயில்லை. பொட்டலம் கட்டி, கையால் பெயர் எழுதி, பத்துப் பேருக்குக் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுங்கள், சும்மா வேண்டாம். அதற்கப்புறம் காட்டேஜா, காபியா என்று யோசித்தீர்களானால், இன்றைக்கு யோசிப்பதைவிட உங்களுக்குத் தெளிவு இருக்கும்.

காட்டேஜ் பற்றி நேராகவே சொல்கிறேன். அது தப்பான தொழில் என்று நான் சொல்ல மாட்டேன். மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைப்பாதையில் வண்டி நகராமல் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். என் நண்பர்கள் சிலர் நன்றாக நடத்துகிறார்கள். ஆனால் "ரூம் வருமானத்தில் காபியைக் காப்பாற்றிக்கொள்கிறேன்" என்று தொடங்கியவர்களில் பலர் எங்கே சறுக்கினார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். டிசம்பர் கடைசியும் பொங்கலும் ரூமுக்கு நல்ல நாட்கள். அதே நாட்கள்தான் பழம் பழுத்து நிற்கிற நாட்கள். இரண்டுக்கும் ஒரே ஆட்கள், அதே நீங்கள். அறைக்கு வந்தவர் வெந்நீர் இல்லை என்று கூப்பிடுவார். பழம் கூப்பிடாது, சத்தமில்லாமல் உதிர்ந்து தரையில் கிடக்கும். கிடந்த பழத்தில் காய்த்துளைப்பான் என்கிற இன்னொரு வண்டு பெருகி அடுத்த வருடத்தையும் கெடுக்கும். மூன்று வருடத்தில் "காபித் தோட்டத்துக்குள் தங்கலாம்" என்று பலகை மட்டும் இருக்கும், செடி அழகுக்கு நிற்கும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், செடி வராத பாறை இடத்தில் ஒரே ஒரு அறை கட்டுங்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 20 வரை அதைப் பூட்டி வைக்க உங்களால் முடியுமா என்று கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் உங்கள் இலக்கு மாறிவிட்டது. மாறினது குற்றம் இல்லை. மாறினது தெரியாமல் இருப்பதுதான் கஷ்டத்தைக் கொடுக்கும்.

எப்போது விடலாம் என்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது ஒருபக்கப் பேச்சாகிவிடும். உங்கள் நிலம் மலையின் கீழ்ப்பகுதியில், வெக்கையான உயரத்தில் இருந்து அராபிகா நட்டிருந்தால் எத்தனை வருடம் நின்றாலும் நிலம் ஒத்துழைக்காது. ஆயிரம் மீட்டருக்கு மேல் இருந்தால்தான் அதற்குச் சுகம். குடும்பச் செலவுக்கே வட்டிக்கு வாங்குகிற நிலையில் தோட்டத்தில் பணம் போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள், நிறுத்தி மூச்சு விடுங்கள், செடி ஒரு வருடம் உரமில்லாமல் பிழைத்துக்கொள்ளும். அப்புறம், அந்தப் பத்துப் பொட்டலத்தைச் செய்து கொடுத்தபின்னும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றால், இது உங்கள் ஆசையே இல்லை, யாரோ சொன்னதைக் கேட்டு வந்தது. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் விடுவதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன்.

"நாலாம் வருடம் ஆகியும் விளைச்சல் இல்லையே" என்பது மட்டும் காரணம் ஆகாது. அராபிகா ஒழுங்காகக் காய்ப்பைப் பிடிக்க ஆறு, ஏழு வருடம் ஆகும். பிடித்த பிறகும் ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறுவருடம் குறையும். அது செடியின் சுபாவம். ஒரு வருடக் கணக்கை வைத்துக் காபியை அளக்கவே முடியாது. இரண்டு வருடத்தைச் சேர்த்துக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மாரியப்பன் தங்கவேலுவை நினைக்கிறேன். நம் பெரியவடகம்பட்டிக்காரர், ஐந்து வயதில் காலில் பேருந்து ஏறி நசுங்கியவர். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிசில் 1.85, வெண்கலம். எண்ணை மட்டும் பார்த்தால் இறங்கிக்கொண்டே போகிறது. எட்டு வருடம், மூன்று முறையும் அதே கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றார், மூன்று முறையும் பதக்கத்தோடு திரும்பினார் என்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் அராபிகா விலை உலகச் சந்தையில் 1977-இன் உச்சத்தையே தாண்டியது. 2002-இல் செடியைப் பிடுங்கியவர்களுக்கு அன்றைக்கு விற்க ஒன்றும் இல்லை. ஆனால் அது இருபத்திரண்டு வருடம் கழித்து வந்தது. விலைக்காக நின்றிருந்தால் நானும் நின்றிருக்க மாட்டேன். நல்ல விலையும் கெட்ட விலையும் நம் கையில் இல்லை. அதை நிற்பதற்குக் காரணமாகவும் வைக்காதீர்கள், போவதற்கும் வைக்காதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் வேலை துளைப்பான். இதில் நாள் கடத்தக் கூடாது. வண்டு வருடத்தில் இரண்டு முறை பறக்கும்: ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொரு முறை. இப்போது மார்ச். புழு இன்னும் தண்டுக்குள்தான் இருக்கிறது. வண்டாகி வெளியே வருவதற்கு முன் பிடுங்கினால் ஒரு செடி போகும். விட்டால் பக்கத்துச் செடிகளையும் கூட்டிக்கொண்டு போகும். சின்னச் செடி என்பதால் உங்களுடையவை ஒரே வருடத்தில் செத்துவிடும், கிழட்டுச் செடி மாதிரி இழுத்துக்கொண்டு நிற்காது.

உங்கள் எழுத்தில் "செடிகள் போகின்றன" என்று இருக்கிறது. எத்தனை என்று இல்லை. 6 அடிக்கு 6 அடி நட்டிருந்தால் ஏக்கருக்கு 1,210 செடி, மூன்று ஏக்கருக்கு 3,600 சொச்சம். அதில் போனது எண்பதா, எண்ணூறா? எண்பது என்றால் நீங்கள் எழுதின கேள்வியே வேறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடங்கள். இலை மஞ்சளடித்த செடி ஒவ்வொன்றிலும் குனிந்து, முதன்மைத் தண்டை அடியிலிருந்து மேலே விரலால் தடவுங்கள். உள்ளே புழு இருந்தால் பட்டைக்குக் கீழே வரம்பு மாதிரி மேடு தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அதில் ஒரு துணியைக் கட்டுங்கள். நல்லது, சந்தேகம், செத்தது என்று மூன்று கோடு போட்டு எண்ணுங்கள். துணி கட்டியதையெல்லாம் ஏப்ரல் பிறப்பதற்குள் வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், விறகுக்கு என்று அடுக்கி வைக்காதீர்கள், அடுக்கின கட்டையிலிருந்தும் வண்டு வரும். நல்ல செடிகளின் தண்டுக்கு 100 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கரைத்து அடியுங்கள். மேலே அண்ணாந்து பார்த்து எந்த இடத்தில் வானம் அதிகமாகத் தெரிகிறதோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் துணி கட்டிய இடமும் அதுவும் ஒன்றாக இருக்கும். அங்கே கல்யாண முருங்கைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டுவிட்டால் சீக்கிரம் நிழல் பிடிக்கும். பிடுங்கின இடத்தில் குழியை இப்போதே வெட்டி ஆறப்போடுங்கள். நாற்றுக்கு இன்றைக்கே சொல்லி வைத்தால்தான் ஜூன் மழைக்குக் கையில் கிடைக்கும்.